பதினேழாம் நம்பரின் கை

அலுவலகத்தில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரிவ்யூ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணில் படுகிற எதற்கும் ஐந்துக்கு இத்தனை ஸ்டார் என்று போட்டுவிடுவான். காபி மிஷினுக்கு இரண்டரை. புது நாற்காலிக்கு மூன்று. முதுகுக்கு நல்லது, சக்கரம் மட்டம். வரவேற்பறைப் பெண்ணின் கல்யாண வீடியோவை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "ட்ரோன் ஷாட் பிரமாதம், ஆடியோ படுமோசம், மூணே கால்" என்றான். அந்தப் பெண் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆடியோ நிஜமாகவே மோசமாகத்தான் இருந்தது.

பல கம்பெனிகளின் பில்களைச் சரிபார்த்துக் கொடுக்கிற அலுவலகம் அது. பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு லேப்டாப்பும் ஹெட்செட்டும் கொடுத்து வாங்குவது, மக்கர் பண்ணினால் சரிசெய்வது, இதுதான் ரிவ்யூவின் வேலை. மிச்ச நேரமெல்லாம் அபிப்பிராயம். கேட்டாலும் வரும், கேட்காவிட்டாலும் வரும். "மெகாபிக்சலைப் பாத்து போன் வாங்குறது, பல்லைப் பாத்து மாப்பிள்ளை பிடிக்கிற மாதிரி" என்பான். "வருஷா வருஷம் போன் மாத்துறவன் முட்டாள், மாத்தாதவன் கஞ்சன்" என்பான். அப்படியானால் நீ யார் என்று கேட்டால், "நான் சர்வீஸ் பண்றவன்" என்பான். அழித்துவிட்டேன் என்று நினைத்துப் பழைய போனை விற்கப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்தி, "மறைச்சு வெச்சது வேற, அழிச்சது வேற. ஒரு கிளிக்ல எல்லாம் வெளிய வந்துரும்" என்று வயிற்றில் புளியைக் கரைப்பான். இந்த வசனத்தை மேனேஜர் உட்பட எல்லோரும் அவனைப் போலவே கையை ஆட்டிச் சொல்லிக் காட்டுவார்கள்.

அவன் கெட்டவன் இல்லை. ஒருவர் ஒரு கருவியைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவனுக்குச் சோற்றில் மணல் நெறிபட்ட மாதிரி இருக்கும். துப்பியே ஆகவேண்டும். எதிரே இருப்பது யார், இடம் எது என்பதெல்லாம் துப்பிய பிறகுதான் நினைவுக்கு வரும்.

அதே அலுவலகத்துக்கு அவனுடைய அக்காவும் வீட்டிலிருந்து பில் பார்த்தாள். இது அங்கே ஒருவருக்கும் தெரியாது. சொந்தக்காரர்கள் ஒரே இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. சேர்த்துவிட்ட அன்றே அவன் சொல்லிவிட்டான்: "ஆபீஸ்ல நான் உனக்குத் தம்பி கிடையாது." அதிலிருந்து அவள் அவனுக்கு அனுப்புகிற மெயிலெல்லாம் 'மதிப்பிற்குரிய சார்' என்று தொடங்கும். முந்தின நாள்தான் போனில், "எருமை, சார்ஜரை மாத்திக் குடுடான்னா கேக்குறியா" என்று திட்டியிருப்பாள்.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்க்கப் போன இடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தார். ஆபரேஷன் செய்தால் எழுந்து நிற்க வாய்ப்பு உண்டு, ஆனால் தள்ளிப்போடப் போட அந்த வாய்ப்பு குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா ஒப்பந்த ஊழியர். ஒப்பந்த ஊழியர்களுக்குக் கம்பெனியின் மருத்துவக் காப்பீடு கிடையாது. நிரந்தரமானால் குடும்பத்துக்கே உண்டு. அந்த வருஷம் ஒரே ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அக்கா அதை நம்பித்தான் விடிந்தது முதல் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிக்கல் ஒரு சின்னப் பச்சை விளக்கில் இருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் கொஞ்ச நேரம் மவுஸைத் தொடாவிட்டால், பேருக்குப் பக்கத்தில் எரிகிற பச்சை மஞ்சளாகிவிடும். மஞ்சள் அதிகமானால் கேள்வி வரும். படுக்கையில் கிடக்கிறவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, விரிப்பு மாற்றுவதற்குள் விளக்கு மஞ்சளாகிவிடும். விட்டுப்போன பில்லையெல்லாம் அவள் அதிகாலையில் எழுந்து முடித்துவிடுவாள். வேலையை அவள் ஏமாற்றவில்லை. விளக்கை ஏமாற்றத்தான் வழி தெரியவில்லை.

"ஒரு கையால மாமாவைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால மவுஸை ஆட்டிக்கிட்டு இருக்கேன்டா" என்றாள் ஒருநாள். "நான் மனுஷியா, பொம்மலாட்டமா?"

தம்பி அதற்கு ஒரு வழி செய்தான். மவுஸை மேலே வைத்தால் தானாக நகர்த்திவிடுகிற சக்கரத் தட்டு கடையில் கிடைத்தது. வாங்கிப் பார்த்து ஒரே ஸ்டார் போட்டான். ஒரே மாதிரி சுற்றுகிறது, குருடன்கூடக் கண்டுபிடித்துவிடுவான் என்று பிரித்துப் போட்டான். குறுக்கே இன்னொரு சக்கரம் பொருத்தினான். பிறகு தன் கையையே அதற்குள் வைத்தான். அதாவது, ஒரு முழுச் சாயங்காலம் தன் கை மவுஸை எப்படியெல்லாம் நகர்த்துகிறது என்று பதிவு செய்து, அந்த அசைவைச் சக்கரங்களுக்குக் கற்றுக் கொடுத்தான். அதில் தயக்கம் இருந்தது, நடுக்கம் இருந்தது, ஓய்வு இருந்தது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு விளையாடி விளையாடி அவன் கைக்கு வந்திருந்த ஒரு பழக்கமும் இருந்தது: பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதற்காக, சும்மா இருக்கும்போதும் இடப்பக்கமாகச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டித் திரும்பும்.

அக்கா அதை மேஜையில் வைத்து ஓடவிட்டுப் பார்த்தாள். "பாத்தா பயமா இருக்குடா. நீயே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

"உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு" என்றான் அவன். "அஞ்சுக்கு அஞ்சு." அவன் வாழ்க்கையில் போட்ட முதல் ஐந்து அதுதான். வருத்தம் என்னவென்றால், அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த விளையாட்டை அவன் தினமும் சாயங்காலம் தன் வீட்டிலிருந்தே ஆன்லைனில் மாமாவோடுதான் விளையாடினான். மாமாவின் கைகள் நன்றாக இருந்தன. படுக்கைக்குமேல் திரையைச் சாய்த்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவர் தயாராகக் கிடப்பார். அவரோடு விளையாடுவது பெரிய தலைவலி. பக்கத்திலேயே வண்டி நிற்கும், ஏற மாட்டார்.

"வண்டி வேணாம் மச்சான், நடப்போம்."

"பாதி மைதானத்தை நடந்தே தாண்டினா எவனாவது மண்டையிலயே போடுவான் மாமா. இது தப்பான ஆட்டம்."

"போட்டுட்டுப் போறான். நடந்துக்கிட்டே சாகுறேனே."

ரிவ்யூ அவருடைய ஆட்டத்துக்கு ஒன்றரை ஸ்டார் போட்டு வைத்திருந்தான். அதை அவரிடமே சொல்லியும் இருந்தான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஊழியர்களைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் வாங்க மேனேஜர் முடிவு செய்தபோது, எது நல்லது என்று எழுதித்தரச் சொல்லி ரிவ்யூவைக் கேட்டார். அவன் சோறு தண்ணி மறந்து ஒப்பிட்டுப் பார்த்து எழுதிக் கொடுத்தான். மேனேஜர் முதல் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு, அவன் கடைசி இடத்தில் வைத்திருந்ததையே எடுத்தார். அதை விற்க வந்தவர் நல்ல டை கட்டியிருந்தார், வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போட்டார், அவ்வளவுதான் காரணம்.

அந்த டைக்காரர் ஒருநாள் செய்து காட்ட வந்தார். கூட்ட அறையில் மேனேஜர், டைக்காரர், புரொஜக்டரை மாட்டிக் கொடுக்க ரிவ்யூ. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் மவுஸ் அசைவை அந்த மென்பொருள் ஒரு வாரமாகப் பதிவு செய்திருந்தது. சுவரில் வரிசையாகக் கோடுகள் ஓடின. பேர் இல்லை, நம்பர் மட்டும்.

"பேரை மறைச்சு வெச்சிருக்கோம் சார். நேர்மையா மதிப்பிடணும் பாருங்க" என்றார் டைக்காரர். "கருவி வெச்சு ஏமாத்துறவங்க ரெண்டு பேரை ஏற்கெனவே பிடிச்சிருக்கு. சிவப்புல இருக்கு பாருங்க. இப்ப உங்க ஆபீஸோட முத்தைக் காட்டறேன். பதினேழாம் நம்பர்."

பதினேழாம் நம்பரின் கோடு சுவர் முழுக்க விரிந்தது. ஏறியது, இறங்கியது, தயங்கியது. இடப்பக்கமாகச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டியது.

ரிவ்யூவுக்கு முதலில் வந்தது பயமில்லை, பூரிப்பு. வீடியோவில் தன்னையே முதல் தடவை பார்ப்பவனைப் போல வாயைப் பிளந்து பார்த்தான். அது அவன் கை. அவ்வளவு பெரிய கம்பெனியின் மென்பொருள் அவன் செய்த தட்டிடம் தோற்றுப்போய், சுவரில் பச்சை வட்டம் போட்டுப் பாராட்டிக்கொண்டிருந்தது.

"கவனம், பொறுமை, ஒழுங்கு. எல்லாத்துலயும் முதல் இடம்" என்றார் டைக்காரர்.

"அடேயப்பா" என்றார் மேனேஜர். "இந்த வருஷம் யாரை நிரந்தரம் பண்றதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்தேன். வேற யோசனையே வேணாம், பதினேழைப் போட்டுடலாம்."

அவன் பேசாமல் இருந்தால் போதும். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அக்கா நிரந்தரம், மாமாவுக்கு ஆபரேஷன். வாயைத் திறக்காமல் இருப்பதைத் தவிர அவனிடம் அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு புரொஜக்டரின் வயரைப் பார்த்தான்.

டைக்காரர் அதோடு விட்டிருக்கலாம். "மனுஷக் கையா, மிஷினான்னு எங்க மென்பொருளுக்குப் பாத்த உடனே தெரியும் சார். இதை ஏமாத்துற கருவி உலகத்துலயே கிடையாது. இனிமே யாரும் செய்யவும் முடியாது."

மணல் நெறிபட்டது.

"முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றான் ரிவ்யூ.

"தம்பி, இதுக்குப் பின்னாடி எங்க கம்பெனியில எத்தனையோ வல்லுநர்கள் உழைச்சிருக்காங்க."

"உழைச்சிருக்கலாம். தப்பா உழைச்சிருக்காங்க."

மேனேஜர் சிரித்தார். "இவன் எழுதிக் குடுத்ததை நான் எடுக்கலைன்னு கடுப்பு. நீங்க கண்டுக்காதீங்க."

அந்தச் சிரிப்பு அவனை முடுக்கிவிட்டது. பேர்தான் மறைந்திருக்கிறதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். தான் தோற்கடிக்கப் போவது மென்பொருளை, அக்காவை அல்ல. இப்படி ஒரு யோசனை அவனுக்கு வந்ததே ஆச்சரியம். வேறு யாராவது அப்படி நம்பியிருந்தால் அவனே கைகொட்டிச் சிரித்திருப்பான். எழுந்து போய் டைக்காரரின் மவுஸைப் பிடுங்காத குறையாக வாங்கினான். பதினேழாம் நம்பரின் திங்கட்கிழமைக் கோட்டை எடுத்துப் புதன்கிழமைக் கோட்டின் மேல் வைத்தான். கொஞ்சம் நகர்த்தினான். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரே கோடாக ஆயின.

"மனுஷன் கை ரெண்டு நாள் ஒரே மாதிரி போகாது சார். இந்த வெட்டைப் பாருங்க, இங்க இருக்கு, இங்கயும் இருக்கு, மயிரிழை மாறல. பில் பாக்குறவங்க கை இப்படித் திரும்பாது. இது கேம் விளையாடுறவன் கை. யாரோ பதிவு பண்ணி ஓட விட்டிருக்காங்க. உங்க முத்து, மிஷின்."

டைக்காரரின் முகம் சுண்டிப்போனது. ரிவ்யூ மூச்சை இழுத்து விட்டான். அவ்வளவு நாள் யாரிடமும் சொல்ல முடியாமல் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிய மாதிரி இருந்தது.

மேனேஜர் மேஜையைத் தட்டினார். "பலே! சரி, யாருன்னு பேரைத் திறங்க."

"சார்," என்றான் ரிவ்யூ, "பேர் வேணாமே. நம்பரோட விட்டுடலாம். அவங்க தனியுரிமை..."

"நீ பேசுறியா இதை?" மேனேஜர் அவனைப் போலவே கையை ஆட்டினார். "மறைச்சு வெச்சது வேற, அழிச்சது வேற. ஒரு கிளிக்!"

டைக்காரர் ஒரு கிளிக் செய்தார்.

விசாரணை வீடியோ அழைப்பில் நடந்தது. கேமராவையும் மைக்கையும் சரிசெய்து கொடுத்தது ரிவ்யூதான். அது அவன் வேலை. மேனேஜரின் தோளுக்குப் பின்னால் அவன் நிற்பது அக்காவின் திரையில் தெரிந்திருக்கும். அவள் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பில் ஒண்ணுகூட நான் விட்டதில்ல சார். வேணும்னா எடுத்துப் பாருங்க."

"பில் கணக்கைப் பத்தி யாரும்மா பேசினா? ஏமாத்துனது ஏமாத்துனதுதான். அந்தக் கருவியை யார் செஞ்சு குடுத்தது?"

அக்கா கேமராவைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தால் எதிரே இருக்கிற எல்லோரையும் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். "கடையில வாங்கினேன் சார். மத்தது நானே பாத்துப் பாத்துச் செஞ்சுக்கிட்டேன்."

"உங்களுக்கா இவ்வளவு மூளை! அதைப் பில்லுல காட்டியிருந்தா நிரந்தரம் ஆகியிருப்பீங்களேம்மா." மேனேஜருக்குத் தன் நகைச்சுவை பிடித்திருந்தது. "மென்பொருளே ஏமாந்து போச்சு. நல்லவேளை, நம்ம ரிவ்யூ கண்ணுக்குத் தப்பல."

மைக் போய்விட்டதோ என்று மேனேஜர் திரும்பிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது.

"அப்படியா சார்" என்றாள். "கெட்டிக்காரர்."

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க அவளே வந்தாள். ரிவ்யூவின் அறை படிக்கட்டுக்கு அடியில், பழைய திரைகளும் சுருட்டிய வயர்களுமாக இருக்கும். அவன் லேப்டாப்பைத் திறந்து, திரையில் கீறல் இருக்கிறதா என்று சாய்த்துப் பார்த்தான். கை பாட்டுக்கு வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"கீபோர்டுல பவுடர் இருக்கு" என்றான். அதைத் தவிர வேறு எது வாயில் வந்திருந்தாலும் தேவலை என்று சொன்ன பிறகுதான் தோன்றியது.

"மாமாவுக்கு முதுகுல போடுறது. துடைச்சுக்க." அவள் பையிலிருந்து சக்கரத் தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "இது ஆபீஸ் பொருள் இல்ல. உன்னோடது."

"அக்கா, நான் அந்த சாப்ட்வேரைத்தான்... அந்தாளு முடியவே முடியாதுன்னு சொன்னான்கா."

"சொன்னா?"

வராந்தாவில் யாரோ நடந்து போனார்கள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் அக்கான்னு கூப்பிட்டதை... யாராவது கேட்டிருந்தா..." என்று இழுத்தான்.

அவள் சிரித்தாள். அவன் சின்னப் பையனாக இருந்தபோது ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு முழிப்பானே, அப்போது சிரித்த அதே சிரிப்பு. கண் மட்டும் அதில் சேரவில்லை.

"மாமாவுக்குத் தெரியாது. யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கன்னு மட்டும் சொல்லியிருக்கேன். இனி ஆபரேஷன் இல்லன்னு அவருக்கும் புரிஞ்சுபோச்சு. சாயங்காலம் உன்கூட விளையாடலாம்னுதான் பகல் முழுக்க வலியைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. அதையும் பிடுங்கிடாத. தினமும் வா. ஒருநாளும் தப்பக் கூடாது. உன்கிட்ட வேற ஒண்ணும் நான் கேக்க மாட்டேன்."

"வரேன்கா. சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேணாம். வந்தா போதும்." வாசலில் நின்று திரும்பினாள். "லேப்டாப்புக்கு எத்தனை ஸ்டார்?"

அவன் ஆட்டத்துக்கு வந்தான். முதல் சில வாரங்கள் ஒருநாள்கூடத் தப்பவில்லை. மாமா நடக்க, பக்கத்திலேயே அவனும் நடந்தான். வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"உங்க அக்காவைப் போட்டுக் குடுத்தானே மச்சான் ஒருத்தன், அவன் யாருன்னு உனக்குத் தெரியாமலா இருக்கும்? உன் ஆபீஸ்தானே?"

"விசாரிக்கிறேன் மாமா."

"கண்டுபிடி. கிடைச்சா இங்க கூட்டிட்டு வா. நான் எழுந்திரிச்சு வந்து அடிக்கப் போறதில்ல, பயப்பட வேணாம்னு சொல்லு. சும்மா முகத்தைப் பாக்கணும்."

இதற்கிடையில் அலுவலகத்தில் அவன் உயர்ந்துவிட்டான். மேனேஜர் அந்த மென்பொருளையே வாங்கினார். அதற்குக் கண் இல்லையென்றால் நீ கண்ணாக இரு என்று ரிவ்யூவுக்குப் புதுப் பதவி கொடுத்தார். படிக்கட்டு அறையிலிருந்து ஜன்னல் வைத்த அறைக்கு மாறினான். கள்ளக் கையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று டைக்காரரின் கம்பெனிக்காரர்களுக்கு அவன் சொல்லித்தர வேண்டும். அவர்களுக்குத் தோதான நேரம் சாயங்காலம். வீட்டிலிருந்தே பேசினால் போதும் என்றார்கள். அவர்கள் அவனை 'சார்' என்று கூப்பிட்டார்கள். அவன் சொன்ன அபிப்பிராயத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு கூட்டம் அவனுக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை.

முதல் நாள் அழைப்பைத் தள்ளிப்போட்டான். இரண்டாவது தடவை, மாமா தயாராகிப் பச்சை விளக்கோடு காத்திருக்க, அழைப்பும் வந்துவிட்டது. அவன் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இழுப்பறையைத் திறந்தான்.

"மாமா, என் மைக் மக்கர் பண்ணுது. நீங்க பேசுறது கேக்கும், நான் பேச முடியாது" என்று சொல்லி மைக்கை அணைத்தான். விளையாட்டில் கூட்டாளியைத் தானாகப் பின்தொடர்வதற்கு ஒரு பட்டன் உண்டு, அதை அழுத்தினான். மவுஸைத் தூக்கிச் சக்கரத் தட்டின் மேல் வைத்தான். அவனுடைய பழைய கை மெல்ல உயிர் பெற்று அசைந்தது. அடுத்த திரைக்கு நாற்காலியைத் திருப்பி, "மன்னிக்கணும், சொல்லுங்க" என்றான். மாமா ஏதாவது ஆபத்தில் மாட்டினால் தெரியட்டும் என்று அந்த ஒலிபெருக்கியை மட்டும் தாழ்த்தி வைத்திருந்தான். நல்ல ஏற்பாடு. எந்தக் கருவியையும் அவன் அரைகுறைக் கவனத்தோடு அமைத்ததில்லை.

"மைக் போனா போகுது விடு மச்சான்" என்றது மாமாவின் குரல். "கேட்டா தலையை மட்டும் ஆட்டு."

திரையில் அவனுடைய வீரன் இடப்பக்கமாகச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டித் திரும்பினான்.

"ஹா! பின்னாடி பாத்துக்கிறதுல உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாது. நீ இருக்கிற தைரியத்துலதான் நான் இப்படி நடக்குறேன்."

ரிவ்யூ அந்தப் பக்கம் டைக்காரரின் ஆட்களிடம், மனிதக் கையில் இருக்கிற தயக்கத்தை மிஷினால் கொண்டுவர முடியும், ஆனால் அது மறுநாளும் அதே இடத்தில் தயங்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். அவர்கள் தலையாட்டினார்கள்.

தாழ்த்தி வைத்த ஒலிபெருக்கியில் பக்கெட் வைக்கிற சத்தம் கேட்டது. துணி பிழிகிற சத்தம். அக்கா மாமாவைப் புரட்ட வந்திருக்கிறாள்.

"தம்பி வந்திருக்கானா?" என்று கேட்டாள்.

"வந்திருக்கானே. மைக்தான் போச்சாம். இதோ கூடவே நடந்து வரான் பாரு."

அக்கா திரையைப் பார்த்திருக்க வேண்டும். வீரன் நடந்தான், தயங்கினான், நின்றான், இடப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டினான். அந்தக் கையோடு எத்தனையோ நாள் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள். அடுத்த வெட்டு எப்போது வரும் என்றுகூட அவளுக்குத் தெரியும்.

ரிவ்யூ பேசுவதை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தான். மவுஸை அவன் எட்டித் தொட்டிருக்கலாம். அந்தப் பக்கத் திரையில் யாரோ, "சார், கேக்குதா?" என்றார்கள்.

"என்ன பாக்குற?" என்றார் மாமா. "இருக்கான்தானே?"

துணி இன்னொரு தடவை பிழியப்பட்டு, தண்ணீர் பக்கெட்டில் சொட்டி நின்றது.

"ஆமா, இருக்கான்" என்றாள் அக்கா. "நீங்க விளையாடுங்க."